கண்ணின் கண்ணாய் நிற்பவர்

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு மூதாட்டியின் இல்லத்திற்கும் நாம் செல்வதுண்டு. அவருக்குக் கண்பார்வை முற்றிலும் மறைந்துவிட்டது. செவியும் ஏறத்தாழ அடைபட்டுவிட்டது; காதருகே குனிந்து உரத்துக் கூவினால் ஒன்றிரண்டு சொற்கள் போய்ச் சேரும். ஒருநாள் நற்கருணை பெற்றபின் நம் கையைப் பற்றிக்கொண்டு அவர் கேட்டார்: "சாமி, கண்ணும் போச்சு, காதும் போச்சு. பூசை பார்க்க முடியல, பிரசங்கம் கேக்க முடியல. இனிமே ஆண்டவர் எந்த வாசல் வழியா எங்கிட்ட வருவாரு?"

விடை சொல்ல வாயெடுத்தோம். எதைச் சொன்னாலும் அவருடைய செவிக்கு எட்டாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு வெளியே வந்தோம். அவர் கேட்ட வினா மட்டும் பல நாள் நம்முடனேயே இருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அன்னையின் வினா எளிய வினாவன்று. நம்பிக்கை கேள்வியால் வருகிறது எனப் புனித பவுல் உரோமையருக்கு எழுதினார். அருட்சாதனங்கள் யாவும் புலன்களுக்கு எட்டும் அடையாளங்கள். தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம், குருவின் சொல் என எல்லாமே கண்ணுக்கோ காதுக்கோ நாவுக்கோ உடலுக்கோ உரியவை. அப்படியாயின், புலன்கள் ஒவ்வொன்றாய் அடைபடும்போது அருள் வரும் வழியும் அடைபடுமோ? அந்த அன்னை அஞ்சியது இதற்குத்தான்.

புலன்களை வாசல்கள் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாமே. ஞானோபதேச வகுப்புகளில் கண்ணையும் காதையும் காத்துக்கொள்ள வேண்டிய கதவுகள் என்றே கேட்டு வளர்ந்தோம். முற்காலத்தில் அவஸ்தைப்பூசுதல் அளித்த குருக்கள், நோயாளியின் கண், செவி, மூக்கு, உதடு, கை, கால் என ஒவ்வோர் உறுப்பிலும் எண்ணெய் பூசி, அவ்வவ்வுறுப்பால் செய்த பாவத்திற்கு மன்னிப்பு வேண்டினர். 1972ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அச்சடங்கைச் சீரமைத்தார். இன்று நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். திருமுழுக்கிலும் குழந்தையின் செவிகளையும் வாயையும் தொட்டு, அவை திறக்கப்படுமாறு மன்றாடும் சடங்கு உண்டு. ஆக, பாவமும் அருளும் நுழைகின்ற வாயில்களாகவே புலன்களைத் திருச்சபை மதித்து வந்திருக்கிறது. இதில் பிழையொன்றும் இல்லை.

ஆயினும் வாசல் என்னும் உவமை, நாம் அறியாமலே ஒரு கருத்தை நம் உள்ளத்தில் பதித்துவிடுகிறது. வாசல் வழியாக வருபவர் வெளியே நிற்பவர். கதவு திறந்தால் வருவார். திறக்காவிடில் திரும்பிப் போவார். இறைவன் நமக்கு வெளியே மட்டும் இருப்பவர்தானா? இவ்வினாவை நமக்கு முன்னரே, நம் நாட்டிலேயே, மிக ஆழமாக எழுப்பியவர்கள் உண்டு. இந்து சமயத்திலும் பிற சமயங்களிலும் உண்மையும் தூய்மையுமாய் விளங்கும் எதையும் திருச்சபை புறந்தள்ளுவதில்லை என 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை தெளிவாகக் கூறிற்று. அதற்கும் முன்பே, 1950இல், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவிய மொன்ஷானின், லெ சோ ஆகிய அருள்தந்தையர் உபநிடதங்களைச் செப உணர்வோடு பயின்றனர். ஆகவே அச்சமின்றி நாமும் அந்நூல்களை அணுகலாம்.

சாம வேதத்தைச் சேர்ந்தது கேன உபநிடதம். 'கேன' என்பதற்கு 'யாரால்' என்பது பொருள். நூலின் முதற்சொல்லே ஒரு வினா. அதுவே நூலுக்குப் பெயராயிற்று. மனம் யாரால் ஏவப்பட்டுத் தன் பொருளை நோக்கி ஓடுகிறது? கண்ணையும் செவியையும் செயல்படச் செய்யும் தெய்வம் எது? மாணவன் இவ்வாறு கேட்க, ஆசிரியர் விடை கூறுகிறார். கண்ணுக்கும் ஒரு கண் உண்டு. செவிக்கும் ஒரு செவி உண்டு. கண்ணால் காணப்படும் பொருள்களுள் ஒன்றாகப் பரம்பொருளைத் தேடாதே. கண் எதனால் காண்கிறதோ அதுவே பரம்பொருள் என்று அறிந்துகொள். இதுவே அவர் உரைத்ததன் சாரம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காலைத் திருப்பலிக்கு ஆலயத்துள் நுழைகிறோம். பீடம் தெரிகிறது, சுரூபங்கள் தெரிகின்றன, முழந்தாளிட்டிருக்கும் மக்கள் தெரிகின்றனர். சன்னல் வழியே வந்து இவை அனைத்தையும் நமக்குக் காட்டும் ஒளியை ஒரு தனிப் பொருளாக நாம் எண்ணுவதில்லை. எல்லாவற்றையும் அதனாலேயே காண்கிறோம். அதனாலேயே அதை மறந்தும் போகிறோம். கேன உபநிடதத்தின் ஆசிரியர் இந்த மறதியைத்தான் சுட்டுகிறார்.

இதே கருத்து மற்ற உபநிடதங்களிலும் வெவ்வேறு வடிவில் வருகிறது. ஐதரேய உபநிடதம் மனித உடலின் தோற்றத்தை விவரிக்கும்போது, நெருப்பு வாக்காகி வாயில் புகுந்தது என்றும், கதிரவன் பார்வையாகிக் கண்களில் புகுந்தான் என்றும், திசைகள் கேள்வியாகிச் செவிகளில் புகுந்தன என்றும் கூறும். பிருகதாரணியக உபநிடதத்தில், சனக மன்னனின் அவையில் உத்தாலகர் கேட்ட வினாவுக்கு யாஞ்ஞவல்கியர் விடை பகர்கிறார். கண்ணுள் உறைபவர், கண்ணால் அறியப்படாதவர், கண்ணையே தம் உடலாகக் கொண்டவர், கண்ணை உள்ளிருந்து நடத்துபவர் ஒருவர் உண்டு; அவரே அந்தர்யாமி என்கிறார். செவியையும் தோலையும் மனத்தையும் குறித்து இதையே திரும்பத் திரும்ப உரைக்கிறார். உலகும் உயிர்களும் இறைவனுக்கு உடலாகும் என்று திருவரங்கத்தில் இராமாநுசர் கற்பித்த கொள்கைக்கு அடிப்படையாய் அமைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று.

தமிழரான நமக்கு இன்னும் நெருங்கியது மெய்கண்டாரின் சிவஞானபோதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைந்த அச்சிறு நூலின் பதினோராம் சூத்திரம், கண்ணையும் உயிரையும் கொண்டே இறைவனின் துணையை விளக்குகிறது. கண் தானாகக் காண்பதில்லை. திருப்பலியின்போது நம் கண் பீடத்தின்மேல் இருக்க, மனம் சந்தைக்கடையில் நின்றால், திறந்த கண்ணுக்கு எதுவும் புலப்படாது. உயிர் கண்ணோடு நின்று காட்டினாலன்றிக் கண்ணுக்குக் காட்சியில்லை. அவ்வாறே உயிரும் தானாக அறிவதில்லை. இறைவன் உயிரோடு நின்று அதற்கு அறிவிக்கிறார். அதுமட்டுமன்று, உயிரோடு சேர்ந்து தாமும் காண்கிறார். இவ்விரண்டையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனச் சைவ சித்தாந்திகள் அழகுறப் பிரித்துரைப்பர்.

இடுப்பில் குழந்தையை ஏந்தி நிலவைக் காட்டும் தாயை எண்ணிப் பார்ப்போம். அவள் விரல் நீட்டிக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. குழந்தையோடு தானும் நிலவைப் பார்க்கிறாள். தான் எத்தனையோ முறை பார்த்த நிலவுதான். ஆயினும் குழந்தை பார்ப்பதற்காகத் தானும் பார்க்கிறாள். காட்டுதலும் உடன் காணுதலும் சேர்ந்ததே அவளது அன்பு. நம் ஒவ்வொரு பார்வையிலும் இறைவன் இத்தாயைப் போல் உடனிருக்கிறார் என்பது எத்துணைப் பெரிய ஆறுதல்!

ஆனால் இந்த ஆறுதலுக்குள்ளேயே கடுமையான ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் காண்பவை எல்லாம் நிலவாய் இருப்பதில்லை. பிறர் பொருளைப் பேராசையோடு நோக்குகிறோம். பிறர் உடலை இச்சையோடு நோக்குகிறோம். நெடுஞ்சாலையில் ஒருவர் அடிபட்டு இரத்த வெள்ளத்தில் கிடக்க, சுற்றி நிற்போர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கும் கொடுமையை இந்நாளில் காண்கிறோம். அந்தக் கண்களுக்கும் இறைவன்தான் கண்ணாய் நிற்கிறாரா? புறங்கூறுதலைச் சுவைத்துக் கேட்கும் செவிக்கும் அவரே செவியா? ஆம் எனில் நம் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு என்றாகும். இல்லை எனில், அவர் துணையின்றியே இயங்கும் ஓர் இடம் படைப்பில் உண்டு என்றாகும். இரண்டையுமே நாம் ஏற்பதற்கில்லை.

இச்சிக்கலை இந்திய ஞானியரும் உணர்ந்திருந்தனர். உலகுக்கெல்லாம் கண்ணாய் விளங்கும் கதிரவனைக் காண்போர் கண்களிலுள்ள குற்றம் தீண்டுவதில்லை. அதுபோல் எல்லா உயிர்களின் உள்ளே உறையும் ஆன்மாவை உலகின் துன்பம் தீண்டுவதில்லை என்று கட உபநிடதம் கூறுகிறது. நம் குருமடங்களில் கற்பிக்கப்படும் புனித தோமா அக்குவினாவும் ஓர் உவமை தருகிறார். நொண்டி நடப்பவனின் நடையில் இயக்கம் என்பது உயிராற்றலால் வருவது. நொண்டுதலோ வளைந்த காலால் வருவது. நடக்கும் ஆற்றலுக்கு நாம் கடன்பட்டவர்கள். கோணலுக்கு நாமே பொறுப்பாளிகள். கங்கைக் கரையில் எழுந்த சிந்தனையும் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுந்த சிந்தனையும் இங்கே ஒன்றையொன்று அறியாமலே அருகருகே வந்து நிற்கின்றன.

இவ்விளக்கத்தால் இறைவன் மாசற்றவர் என்பது உறுதியாகிறது. நம் பொறுப்போ குறையவில்லை, மாறாகப் பெருகுகிறது. கண்ணைக் காக்க வேண்டும் என்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் அச்சம். இறைவன் மேலிருந்து பார்க்கிறார், கணக்கு எழுதுகிறார், தண்டிப்பார் என்கிறோம். அவர் மேலிருந்து மட்டும் பார்க்கவில்லை, நம் பார்வைக்கு அடியில் நின்று அதைத் தாங்குகிறார் என்பதை உணர்ந்தால் அச்சத்தின் இடத்தில் நாணம் பிறக்கும். அடிபட்டவரைப் படம் பிடிப்பவர் கட்டளையை மட்டும் மீறவில்லை. அவரை எழுப்பி உதவச் செய்வதற்காக அருளப்பட்ட அதே ஒளியைக் கொண்டு வேடிக்கை பார்க்கிறார். இரவல் விளக்கை வாங்கி, அதைத் தந்தவரின் வீட்டிலேயே திருடப் போவது போன்றது இது.

கேன உபநிடதத்தின் பிற்பகுதியில் வரும் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பரம்பொருளின் ஆற்றலால் வெற்றி பெற்ற தேவர்கள், அது தங்கள் வெற்றியே எனச் செருக்குற்றனர். அவர்கள்முன் இன்னதென்று அறியவொண்ணாத ஓர் உருவம் தோன்றியது. அதை அறிந்துவர அக்கினி சென்றான். எதையும் எரிப்பேன் என்றான். அவன்முன் ஒரு துரும்பு வைக்கப்பட்டது. முழு வேகத்தோடு பாய்ந்தும் அதை எரிக்க இயலவில்லை. வாயுவும் சென்றான். எதையும் பறக்கச் செய்வேன் என்றவனால் அத்துரும்பை அசைக்கக்கூட முடியவில்லை. இறுதியில் இந்திரன் அணுகியபோது அவ்வுருவம் மறைந்தது. அங்கே தோன்றிய உமையவள், அதுவே பரம்பொருள் என்றும், அதன் வெற்றியையே தேவர்கள் தமதாக எண்ணினர் என்றும் உணர்த்தினாள். முதுமையில் கண் மங்கி, காது மந்தமாகி, கால் தள்ளாடும்போது நாம் ஒவ்வொருவரும் அத்துரும்பின் முன்னேதான் நிற்கிறோம். நம்முடையவை என்று நாம் எண்ணியிருந்த ஆற்றல்கள் ஒருநாளும் நம்முடையவையாய் இருந்ததில்லை.

இத்துணையும் ஏற்று மகிழும் நாம், எங்கே வேறுபடுகிறோம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணின் கண்ணாய் நிற்பது இறுதியில் நம் ஆன்மாவே, அதுவே பிரமம் என்பது சங்கரரின் விளக்கம். இராமாநுசரும் மெய்கண்டாரும் அதை ஏற்கவில்லை. இறைவனும் உயிரும் பிரியாதிருப்பினும் ஒன்றாகிவிடுவதில்லை என்றனர். நம் நம்பிக்கையும் படைத்தவரையும் படைப்பையும் வேறுபடுத்தியே பேசுகிறது. செவியைப் பொருத்தியவர் கேளாதிருப்பாரோ, கண்ணை உருவாக்கியவர் காணாதிருப்பாரோ என்று திருப்பாடல் 94 வினவுகிறது. அவர் நம்மை உருவாக்கியவர், நாமே அவரல்லர். ஆயினும் அவரிலேயே நாம் வாழ்ந்து இயங்குகிறோம் என ஏதென்சு நகரில் புனித பவுல் முழங்கினார். இறைவன் என் உள்ளாழத்தினும் உள்ளே இருப்பவர் என்று உணர்ந்த புனித அகுஸ்தீன், தாம் அவரை வெளியே தேடி அலைந்த காலமெல்லாம் அவர் உள்ளே இருந்தார் எனக் கண்ணீரோடு எழுதினார். அந்நூலிலேயே தம் செவியும் கண்ணும் நாசியும் நாவும் உடலும் இறைவனால் எழுப்பப்பட்டதையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்.

வேறுபாடு மற்றொன்றும் உண்டு. அதுவே நமக்குத் தலையாயது. கண்ணுக்குப் பின்னே நிற்பவரைக் கண்ணுக்கு முன்னே தேடாதே என்பது கேன உபநிடதத்தின் அறிவுரை. சிலை வழிபாட்டில் மட்டுமன்றிச் செல்வ வழிபாட்டிலும் வீழ்கின்ற மனிதருக்கு அது என்றும் தேவையான எச்சரிக்கை. ஆனால் அவ்விறைவன் தாமே விரும்பிக் கண்ணுக்கு முன்னே வந்தார் என்பதுதான் நமது நற்செய்தி. வாக்கு மனிதரானார். தாம் செவியால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் குறித்தே எழுதுவதாக யோவான் தம் முதல் திருமுகத்தைத் தொடங்குகிறார். மயிலையில் நாம் போற்றும் தோமையாருக்கு உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை அளித்தார். தொழுநோயாளரைச் சொல்லால் மட்டும் குணமாக்கவல்லவர், கை நீட்டித் தொட்டுக் குணமாக்கினார். பார்வையற்றவரின் கண்களில் சேறு பூசினார். செவிடரின் காதுகளில் விரல்களை இட்டார். எல்லார் கண்ணுக்கும் உள்ளே நிற்பவர், ஒரு கண்ணுக்கு வெளியே நின்று தம் விரலால் அதைத் தொட்டார்.

இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிறார் என்பதை மறந்தால், புலன்கள் அடைபட்டவரிடம் இறைவன் வரமாட்டார் என்னும் அச்சம் மிஞ்சும். வெளியே வந்தார் என்பதை மறந்தால் வேறோர் ஆபத்து நேரும். "பாட்டிக்கு என்ன, உள்ளே ஆண்டவர் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு, பாட்டியைத் திண்ணை ஓரத்தில் தனியே விட்டுவிடுவோம். உயர்ந்த தத்துவம் ஒன்று நம் சோம்பலுக்குச் சாக்காகிவிடும்.

அந்த மூதாட்டியின் வினாவுக்கு இப்போது நாம் அறிந்த விடை இதுவே. அம்மா, ஆண்டவர் எந்த வாசல் வழியாகவும் வர வேண்டியதில்லை. அவர் முன்னமே வீட்டினுள் இருக்கிறார். உங்கள் கண் கண்டபோதும் அதைக் காணச் செய்தவர் அவரே. கண் மூடியபோது அவர் வெளியேறிவிடவில்லை. விளக்கு அணைந்ததால் வீட்டுக்காரர் போய்விட்டார் என்று ஆகுமோ? ஆயினும் வாசல்களுள் ஒன்று இன்னும் திறந்தே இருக்கிறது. உங்கள் கையை ஒருவர் பற்றும்போது, உள்ளே இருப்பவரே வெளியிலிருந்தும் உங்களைத் தொடுகிறார்.

இதை அவருக்குச் சொல்லால் சொல்ல இயலாது. ஆகவே அடுத்த முதல் வெள்ளியன்று அவருடைய மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அமர்ந்து பேசினோம். மாலையில் குடும்பச் செபமாலை சொல்லும்போது பாட்டியை நடுவில் அமர்த்துங்கள். தொடங்கும் முன் யாரேனும் ஒருவர் அவர் உள்ளங்கையில் விரலால் சிலுவை வரையுங்கள். ஒவ்வொரு தேவஇரகசியத்திற்கும் ஒருமுறை கையை அழுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றனர். அம்மருமகள் பின்னொரு நாள் சொன்னார்: சிறுவன் உள்ளங்கையில் சிலுவை வரைந்ததும், மற்றவர்கள் தொடங்கும் முன்பே, பாட்டி மங்கள வார்த்தை செபத்தைத் தாமே உரக்கச் சொல்லத் தொடங்கிவிடுகிறாராம்.

நம் பங்குகளில் இத்தகைய முதியோர் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் வீடுகளிலும் நம் வீடுகளிலும் இன்றிரவு செபமாலை தொடங்கும்போது, சொல் எட்டாத ஒருவர் அருகில் இருந்தால், முதலில் அவருடைய கையைப் பற்றுவோம். பற்றும் கையை அசைப்பவரும் பற்றப்படும் கையில் உணர்பவராய் உறைபவரும் ஒரே ஆண்டவர் என்பதை அப்போது நாம் அறிவோமாக.